சேதுவின் காற்று இஞ்சின்

என் தையல் இயந்திரத்தின் கால் சக்கரத்தை அவன் கழற்றிக்கொண்டு போனான் பாருங்கள், அன்றைக்கே அவனை வீட்டை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. கூடப் பிறந்தவனாகப் போய்விட்டானே, என்ன செய்ய?

பெயர் சேதுபதி. ராஜா பெயர்தான். ஆளைப் பார்த்தால் எலும்பும் தோலும். இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பான். கையை எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. சண்டைக்கு முன்பு மலாக்கா டவுனில் ஒரு பனிக்கட்டி ஆலையில் ஃபிட்டர் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் ஆலையை மூடிவிட்டார்கள். எனக்கு அவனை விட நாலு வயது கூட. கட்டிக்கொண்டவர் மூன்றே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் தையல் இயந்திரமும் தம்பியும்தான் என் குடும்பம். இரண்டில் ஒன்றை மற்றொன்று கழற்றித் தின்ன ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வராதா?

நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்கிற குடியிருப்பு ஓரமாக, விநாயகத்தின் வீட்டுக்குப் பின்னால் வேலிக்கு இந்தப் பக்கம் குடியிருந்தோம். விநாயகம், மலாக்காவிலேயே தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன செட்டி வீட்டுப் பிள்ளை. கும்பிடுகிற சாமியெல்லாம் நம் சாமி. வாயைத் திறந்தால் மலாய். நடுவில் எங்கேயாவது நம் சொல் ஒன்று தலைகாட்டும். வெள்ளைக்காரன் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். கம்பெனி போனதும் அவனுக்கும் வேலை போயிற்று. மூன்று பிள்ளைகள். வேலையில்லாத மனிதன் என்ன செய்வான்? பொழுதுக்கும் வேலிப்பக்கம் நின்றுகொண்டு என் தம்பியைக் கேலி செய்வான்.

இன்னொருவர் கருப்பையா அண்ணன். புக்கிட் ரம்பாய் பக்கம் ஏதோ தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனதும் மனைவி சீதாவைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து விறகு பிளந்து பிழைத்தார். அதிகம் பேசமாட்டார். ஒரு வேலை சொன்னால் இரண்டு வேலை செய்துவிட்டுப் போவார். எங்களுக்குச் சிரட்டையும் விறகும் கொண்டுவந்து போடுவது அவர்தான்.

அது 1943. ஜப்பான்காரன் கணக்கில் 2603. கடிகாரத்தைக்கூட அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லியிருந்தான். விடிவதற்கு முன்பே மணி எட்டாகிவிடும் கூத்து அது. அந்த வருஷம்தான் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்துச் சனங்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றியது போதாதென்று டவுனுக்கும் வந்தார்கள். ஒவ்வொரு பகுதியும் இத்தனை ஆள் தர வேண்டும் என்று உத்தரவு. வேலையில்லாதவன் பெயர் முதலில் எழுதப்படும். ஜப்பான்காரனுக்கு உழைக்கிறான் என்று சீட்டு வைத்திருப்பவனை மட்டும் தொடமாட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. சேதுவிடம் சீட்டு இல்லை. விநாயகத்திடமும் கருப்பையா அண்ணனிடமும் இல்லை.

நான் அப்போது தையலை விட்டுவிட்டுக் காய்கறித் தோட்டத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தேன். சிப்பாய்களின் அடுக்களைக்குக் கீரையும் வள்ளிக்கிழங்கும் போடுகிற தோட்டம். அதை மேற்பார்த்தவன் ஒரு வயதான ஜப்பான்காரன். எங்களுக்குள் அவனுக்குக் கீரைத்துரை என்று பெயர். பாத்தி மேட்டில், ஓடை பள்ளத்தில். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் இரண்டு கையிலும் டின்னைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவோம். அங்கே பெட்ரோலில் ஓடுகிற தண்ணீர் பம்பு ஒன்று இருந்தது, பெட்ரோல்தான் இல்லை. கோழிகள் அதன் மேல் உட்கார்ந்திருந்தன.

இதை நான் வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் வம்பு. மறுநாளே சேது கீரைத்துரை முன்னால் போய் நின்று, தெரிந்த மலாயில், பெட்ரோல் இல்லாமல் தண்ணீர் ஏற்றுகிற இஞ்சின் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டான். கீரைத்துரை அவனை மேலும் கீழும் பார்த்தான். வருகிற மாதம் முதல் தேதி தண்ணீர் மேட்டுக்கு ஏறினால் சீட்டு, ஏறாவிட்டால் சயாம் என்று கையை வடக்கே காட்டினான்.

“உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” என்று கத்தினேன். “பெட்ரோல் இல்லாம எப்டிடா ஓடும், ஒன் வாயால ஊதியா?”

“காத்துலதான்க்கா ஓடும்” என்றான். “காத்துக்குச் சூடு காட்டுனா உப்பும். குளுரக் காட்டுனா சுருங்கும். உப்புனா ஒரு தள்ளு, சுருங்குனா ஒரு இழு. அவ்ளோதான். அடியில சிரட்டைய எரிச்சாப் போதும். வேற யாரும் கிட்ட வர வேணாம், அது பாட்டுக்கு ஓடும்.”

இது அவன் கனவில் கண்டு சொன்னதில்லை. மின்சாரம் வந்து சேராத ஒரு துரை பங்களாவில் முன்பு ஒரு விசிறியைப் பழுது பார்த்திருக்கிறான். அதன் அடியில் சின்ன விளக்கு எரியும், மேலே இறக்கை சுற்றும். சூட்டுக்காற்றில் ஓடுகிற விசிறி. அதைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். துரைசாணி வியர்வையில் நனைந்துகொண்டு திட்டித் தீர்த்தாளாம்.

அந்த நினைவை வைத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையில் ஆரம்பித்தான். உயரமான ஒரு இரும்பு உருளை. அதன் அடியில் அடுப்பு. மேல் பாதியைச் சுற்றி மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தண்ணீர்த் தொட்டி கட்டினான். உருளைக்குள் லேசான தகரத்தில் மூடிய டின் ஒன்று ஏறி இறங்கும். அது எதையும் தள்ளாது, காற்றை மட்டும் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் மாற்றி மாற்றி அனுப்பும். அதற்கு அவன் வைத்த பெயர் ஊமையன். பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் தோல் வாஷர் போட்ட பிஸ்டன். அதுதான் தள்ளுகிறவன். இரண்டையும் சேர்த்துச் சுற்ற ஒரு கனமான சக்கரம் வேண்டும். கம்போங் முழுக்கத் தேடினேன் என்று சத்தியம் செய்தான். கிடைத்தது என் தையல் இயந்திரத்தின் சக்கரம்!

முதல் நாள் மூட்டிய தீயில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். அரைச் சுற்று போய் நின்றது. மறுபடி சுற்றினான். மறுபடி நின்றது. வேலியில் கையூன்றி நின்ற விநாயகம் நிதானமாக, “தா மாவ் ஜாலான், சேத்து” என்றான். ஓடமாட்டேன் என்கிறதே என்று அர்த்தம். அதைத் தினம் பத்து முறை சொன்னான் பாவி.

எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்றான் சேது. கண்டுபிடிக்கச் சோப்பு நுரை வேண்டும். சோப்பு தங்கத்துக்குச் சமம் அப்போது. நான் மாவுப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த துண்டை எப்படித்தான் மோப்பம் பிடித்தானோ, கரைத்து மூட்டுக்கு மூட்டு பூசிவிட்டான். அடிப்பக்கப் பற்றவைப்பில் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. சூட்டில் ஈயம் இளகியிருக்கிறது. ஈயத்தைச் சுரண்டிவிட்டு ஆணி அடித்து இறுக்கி, வெற்றிலைச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்து அப்பினான். அது காய்ந்தால் கல். முட்டை விநாயகத்தின் வீட்டுக் கோழியுடையது. கேலி பேசிய வாயோடு அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

அப்புறம் ஊமையன் எங்கேயோ சுவரில் உரசுகிறான் என்று சந்தேகம். ஊமையனை வெளியே எடுத்து விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, உள்ளே விட்டுச் சுற்றி, திரும்ப எடுத்துப் பார்த்தான். ஒரு பக்கம் கரி தேய்ந்து தகரம் பளிச்சென்று தெரிந்தது. கம்பி மயிரிழை கோணல். அதை நிமிர்த்த மூன்று நாள். நிமிர்த்துவான், பார்ப்பான், தலையைச் சொறிவான், மறுபடி நிமிர்த்துவான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘ம்’ என்பான். மரவள்ளிக்கிழங்கு ஆறி விறைத்துப் போகும்.

ஒரு மத்தியானம் அது ஓடியது! டொக்கு டொக்கு டொக்கு என்று என் தையல் சக்கரம் தானாகச் சுற்றியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். கருப்பையா அண்ணன் சுமந்து வந்த சிரட்டைச் சாக்கை இறக்கக்கூட மறந்து நின்றார். விநாயகம் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து என் தம்பியைத் தூக்கிச் சுற்றினான். கால் மணி நேரம் ஓடியது. நான் அழுதேன், வெட்கமென்ன.

மறுநாள் காலையில் அசையவில்லை.

பிரித்தான். பிஸ்டனைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு வண்டல். துடைத்து, தேங்காயெண்ணெய் விட்டான். சாயங்காலம் ஓடியது. மறுநாள் காலையில் மறுபடி செத்துக் கிடந்தது. சாயங்காலம் துடைத்தால் பிழைக்கும், விடிந்தால் சாகும். இப்படியே ஐந்து நாள். தோல் ஊறிப்போயிற்றோ என்று வேறு தோல் வெட்டினான், என் பழைய செருப்பிலிருந்து. தேங்காயெண்ணெய் காறுகிறதோ என்று செம்பனை எண்ணெய்க்கு மாறினான். அடுப்புச் சாம்பல் பறந்து விழுகிறது என்று தகரத்தில் மறைப்பு வைத்தான். விடிந்தால் அதே வண்டல். தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் கன்னம் ஒட்டிப் போயிற்று.

யாரோ வேண்டுமென்றே எதையோ போடுகிறார்கள் என்று முடிவுகட்டி, கடைசியில் ஒருநாள் வேலியோரம் போய், “விநாயகம், வெளயாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு. என் உசுருடா இது” என்றான். விநாயகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. தன் நெஞ்சில் கையை வைத்து, “நானா? சேத்து, நானா?” என்று தமிழிலேயே கேட்டான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேலிக் குரல் கேட்காமல் கொல்லையே வெறிச்சென்று ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் சேது விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறான், யார் வருகிறார்கள் பார்க்கலாம் என்று. எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றி, விபூதித் தட்டோடு கொல்லைக்கு வந்தேன். இஞ்சினின் மேல் மூடியில் மூன்று விரலால் பட்டை போட்டேன். பிறகு ஒரு சிட்டிகை எடுத்து, “முருகா, என் தம்பிய எனக்கு விட்டுருப்பா” என்று சொல்லி, அந்தப் பித்தளைக் குழாயின் வாய்க்குள் தூவினேன்.

“அக்கா!”

தட்டு கையிலிருந்து நழுவிவிட்டது. அவன் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெனமுமா?” என்றான்.

“தெனமும்தான்” என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. “ஒனக்குக் காச்சல் வந்தா என்னா செய்வேன்? நெத்தியில பூசி வாயிலயும் ஒரு சிட்டிக போடுவேன்ல? எத்தன தடவ எந்திரிச்சு ஒக்காந்துருக்க! இதுக்கு மட்டும் வேணாமா? இதுலதானடா ஒன் உசுரு இருக்கு!”

அதைச் சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. விபூதியும் எண்ணெயும் குழைந்தால் என்னவாகும் என்று ஒரு தையல்காரிக்குத் தெரியாதா? மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவள்தானே நான்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் சாவதற்கு நானே தினம் காலையில் குளித்துவிட்டு வந்து வேலை செய்திருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவன் திட்டுவான் என்று இருந்தேன். அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துத் திரும்பினால், சிரிக்கிறான் களவாணி. கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறான். “இதுக்கு வாய் வேற, நெத்தி வேறக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மூடியைத் தொட்டுக் காட்டினான். “இதுதான் நெத்தி. இங்க எவ்ளோ வேணுன்னாலும் பூசு. வாயில மட்டும் ஒன்னும் போட்றாத.”

அன்றைக்கே விநாயகத்தின் வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்ட விநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதிலிருந்து என்னை எங்கே கண்டாலும், “அக்கா, சுடா பெரி மாக்கான்?” என்று கேட்பான். இஞ்சினுக்குச் சாப்பாடு ஊட்டியாயிற்றா என்கிறான். கையில் துடைப்பம் இருந்தால் எறிவேன். ஆனாலும் அவன் குரல் திரும்பக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றித் தோட்டத்து ஓடைக்கரையில் நிறுத்தி, கோழிகளை விரட்டிவிட்டு அந்தப் பழைய பம்பை அதோடு இணைத்தோம். அங்கே ஒரு புது வியாதி. அரை மணி நேரம் ஓடியதும் மூச்சு வாங்குகிற மாதிரி மெல்ல மெல்ல அடங்கும். சேது தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டான், வெடுக்கென்று எடுத்தான். குளிர வைக்க வேண்டிய தண்ணீரே கொதித்துக் கிடந்தது. குளிர்ப் பக்கம் குளிராக இல்லாவிட்டால் காற்று எப்படிச் சுருங்கும்? நாங்கள் பெண்கள் டின் டின்னாக ஓடைத் தண்ணீரை ஊற்றினோம். ஓடியது. இஞ்சின் மேட்டுக்கு ஒரு டின் ஏற்ற, அதற்கு நாங்கள் ஒன்றரை டின் ஊற்ற வேண்டியிருந்தது. “இதுக்கு நாங்களே மேட்டுல ஊத்திருவோமேடா” என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். ஓடையைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

பம்பிலிருந்து மேட்டுக்குப் போகிற மூங்கில் குழாயை வெட்டி, முதலில் தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து மேல் வழியாக வெளியேறும்படி திருப்பினான். குழாய் நடுவில் ஒரு மரத் திருகு வைத்தான், தேவையென்றால் வேறு பக்கம் திருப்பிவிட. அவ்வளவுதான். தான் ஏற்றுகிற தண்ணீரிலேயே தன்னைக் குளிர வைத்துக்கொண்டு அது காலையிலிருந்து மத்தியானம் வரை ஓடியது. எப்போதாவது ஒருமுறை நாலு சிரட்டையைத் தள்ளினால் போதும். சேது மர நிழலில் மல்லாந்து படுத்து இலைச்சுருட்டு பிடித்தான். அவன் அத்தனை நிம்மதியாக இருந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அப்புறமும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் கம்போங்கில் பட்டியலை வாசித்தார்கள். விநாயகம். கருப்பையா. சேதுபதி பெயரும் இருந்தது, சீட்டு வந்தால் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுவார்களாம். லாரி வெள்ளிக்கிழமை. விநாயகம் எங்களைத் தாண்டி நடந்து போனான். சாப்பாடு ஊட்டியாச்சா என்று கேட்கவில்லை. அவன் மனைவி அடுப்படியில் அழுவது எங்கள் பக்கம் கேட்டது. கருப்பையா அண்ணன் மட்டும் எப்போதும்போல் வந்து மறுநாளைக்கு வேண்டிய சிரட்டையைக் கொட்டிவிட்டு, “காஞ்சதா பாத்து கொண்டாந்துருக்கேன் தம்பி. பொகையாது” என்றார். சேது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கா? என் தம்பி பிழைத்தான் என்ற ஒரே நினைப்புதான். மற்றவர்களுக்காக வருத்தம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன், ஆனால் அது இரண்டாவதாகத்தான் இருந்தது.

முதல் தேதி கீரைத்துரை வந்தான். சிரட்டை சுமக்க வந்த கருப்பையா அண்ணனும், சும்மா பார்க்க வந்த விநாயகமும் ஒரு பக்கம் நின்றார்கள். நான் நெற்றியில், அதாவது மூடியில், பெரிய பட்டையாகப் போட்டு வைத்திருந்தேன். சேது சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். டொக்கு டொக்கு என்று கிளம்பியது. மூங்கிலில் தண்ணீர் ஏறி மேட்டுப் பாத்தியில் விழுந்தது. கீரைத்துரை மேட்டுக்குப் போய்த் தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்தான். இறங்கி வந்து இஞ்சினைச் சுற்றிச் சுற்றி நடந்தான். முகம் கனிந்திருந்தது. சீட்டுப் புத்தகத்தை எடுத்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

“பெராப்பா ஓராங்?” என்று கேட்டான். இதை ஓட்ட எத்தனை பேர்?

யாரும் கிட்ட வர வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும் என்று கம்போங் முழுக்கப் பெருமையடித்தவன் என் தம்பி. ஒருவன் போதும், அவனும் படுத்துக்கொண்டே ஓட்டலாம் என்று சொல்ல அவனுக்கு எத்தனை ஆசை இருந்திருக்கும்! அவன் குனிந்து எதையோ சரி பார்க்கிற மாதிரி இஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டான். நான் அந்தப் பக்கம் நின்றதால் பார்த்தேன். மரத் திருகைத் திருப்பினான். தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் நேராக மேட்டுக்குப் போயிற்று.

“திகா” என்றான். மூன்று பேர்.

என்னடா உளறுகிறாய் பாவி! மூன்று ஆளைத் தின்கிற இஞ்சின் எனக்கு எதற்கு என்று அந்தத் துரை புத்தகத்தை மூடிவிட்டால்? கீரைத்துரை நெற்றியைச் சுருக்கினான், தானாக ஓடுகிற சக்கரத்தைக் காட்டினான். சேது காத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். தொட்டியில் ஆவி பறக்க ஆரம்பித்தது. சக்கரம் தளர்ந்தது. மேட்டில் விழுந்த தண்ணீர் நூலாகி, சொட்டாகி, நின்றது. கீரைத்துரை முகம் இருண்டது. அத்தனை நாள் உயிரைக் கொடுத்து ஓட வைத்ததைச் சேதுவே தன் கையால் கொன்று காட்டிக்கொண்டிருந்தான்.

“விநாயகம், தண்ணி!” என்று கத்தினான். “அண்ணே, தீ!”

அந்த இருவரும் புத்திசாலிகள். ஒரு நொடிதான் விழித்தார்கள். விநாயகம் டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்கும் தொட்டிக்கும் பாய்ந்தான். கருப்பையா அண்ணன் அடுப்படியில் மண்டியிட்டு ஊதினார். சேது எண்ணெய்க் குப்பியோடு வளைய வந்தான். சக்கரம் முனகி, அசைந்து, ஓடியது. தண்ணீர் ஏறியது. சேது வியர்க்க வியர்க்க நிமிர்ந்து, தன்னையும் விநாயகத்தையும் கருப்பையா அண்ணனையும் வரிசையாகக் காட்டி, “திகா” என்றான்.

கீரைத்துரை மூவரையும் பார்த்தான். பிறகு இரண்டு விரலை நீட்டினான். “துவா.”

சேது தலையை ஆட்டி மறுத்தான், கைகூப்பினான், மறுபடி மூன்று விரலைக் காட்டினான். கீரைத்துரை காதில் வாங்காமல் இரண்டு சீட்டு எழுதிக் கிழித்தான். சேது காட்டிய வரிசைப்படியே. சேதுபதி. விநாயகம்.

கருப்பையா அண்ணன் அடுப்படியிலிருந்து மெதுவாக எழுந்தார். கையைத் தட்டிக்கொண்டார். “பரவால்ல தம்பி” என்றார். “அவரு புள்ளக்குட்டிக்காரரு.” சாக்கில் மிச்சமிருந்த சிரட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டி வைத்துவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை லாரி போயிற்று. சீதா சாலை வரைக்கும் ஓடினாள். நான்தான் பிடித்துக் கூட்டிவந்தேன். சேது ஓடைக்கரையில் இஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். நிமிராமலே சொன்னான்:

“அஞ்சு பேருன்னு கேட்டிருக்கணும்க்கா. அஞ்சு கேட்டா மூணு குடுத்துருப்பான்.”

பாசாரில் மீன்காரனிடம் பாதி விலைக்குக் கேட்டுச் சண்டை போடுகிறவள் நான், எனக்கு அந்தக் கணக்குத் தெரியாதா? அவன் சொன்னது உண்மைதான்.

சீட்டுக்காரர்களுக்கு வாரா வாரம் அரிசி உண்டு. அடுத்த வாரம் அவன் கீரைத்துரையிடம் போய், வேலை கடுமை என்று ஐந்து பங்கு கேட்டான். ஏச்சு வாங்கினான், கன்னத்தில் அறையும் வாங்கினான். மூன்று பங்கோடு வந்தான். மூன்றாவது பங்கை நேராகக் கொண்டுபோய்ச் சீதாவின் வாசலில் வைத்துவிட்டு, அவள் வெளியே வருவதற்குள் ஓடி வந்துவிட்டான். சண்டை முடிகிற வரைக்கும் ஒரு வாரம் தவறவில்லை. கருப்பையா அண்ணன் திரும்பி வரவில்லை. எங்கே, எப்படி என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

வெள்ளைக்காரன் திரும்ப வந்தான், போனான், மெர்டேக்கா என்று சுதந்திரமும் வந்தது. சேது ஒரு ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை இருந்தான். எங்கே போனாலும் எதைக் கேட்டாலும் இரண்டு மடங்காகக் கேட்பான். கோயில் சுவருக்கு நாலு மூட்டை சிமெண்டு வேண்டுமென்றால் பத்து கேட்பான். வேலைக்கு இரண்டு ஆள் எடுக்கிறார்கள் என்றால் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பான். யாராவது முகம் சுளித்தால் கவலைப்படமாட்டான். கேட்டு வாங்கியதில் ஒரு துரும்புகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, ஆனால் அதை யார் பார்த்தார்கள்? ஊரில் அவனுக்குப் பேராசைக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. அவன் போன அன்றுகூட, பந்தலில் யாரோ ஒரு பெரிய மனிதர், நல்ல மனுஷன்தான், கொஞ்சம் பேராசை என்று சொன்னது என் காதில் விழுந்தது. விநாயகம் எழுந்து அவரை அடிக்கப் போனான். அறுபத்தெட்டு வயதில்! நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கருப்பையா அண்ணன் விஷயத்தை யாரிடமும் சொல்லாதே அக்கா, சீதா காதுக்குப் போனால் அவரை மூன்றாவதாக ஏன் காட்டினாய் என்று கேட்பாள் என்று சேது என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். போன மாதம் சீதாவும் போய்விட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது என்னிடம் சொன்னாள். லாரி ஏறும் முன்பே கருப்பையா அண்ணன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தத் தம்பி எனக்காக இஞ்சினை நிறுத்திக் காட்டினான், அவனைக் கோவிக்காதே என்று.

இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா சீதா என்று கேட்டேன்.

“நான் சொல்லியிருந்தா ஒங்க தம்பி அரிசிய வெச்சுட்டு அப்டி ஓடமாட்டாரே அக்கா. உள்ள வந்து ஒக்காந்துருப்பாரு” என்றாள். “அவரு ஒக்காந்தா எனக்கு எங்க வீட்டுக்காரரு ஞாபகம் வந்துருமே.”